யாரும் பார்க்காத உதை

2021 அக்டோபர் 10, ஞாயிறு காலை எட்டரை மணி இருக்கும். அமெரிக்காவின் லிங்கன் நகரில் அப்போது சனிக்கிழமை இரவு. அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி ஆட்டம் ஒன்றில் நெப்ராஸ்காவும் மிச்சிகனும் 29-29 என்று சமமாக நிற்கின்றன. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை, பந்து நெப்ராஸ்கா கையில். தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர், அதாவது குவார்ட்டர்பேக், ஏட்ரியன் மார்ட்டினெஸ் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறார். எதிரணியினர் சூழ்ந்து பிடித்து நிறுத்துகிறார்கள். அவர் விழாமல் இன்னும் ஓர் அடி முன்னேறப் பார்க்கிறார். நடுவர் விசில் ஊதவில்லை. அந்தத் தள்ளுமுள்ளில் பந்தைப் பிடுங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் 39 யார்டு தூரத்திலிருந்து மிச்சிகன் மூன்று புள்ளிக்கான ஓர் உதை விட்டது. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 32-29.

மடிக்கணினியை மூடினேன். சமையலறையிலிருந்து கேள்வி வந்தது: "இன்னிக்கும் தோத்தாச்சா?"

அந்த "இன்னிக்கும்" என்ற சொல்தான் குத்தியது. லிங்கனில் இரண்டு வருடம் குடியிருந்தபோது தொற்றிய வியாதி இது. ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் இந்த ஆட்டத்துக்குப் பெரிய தொழில்முறை அணி கிடையாது. மொத்த மக்கள்தொகையே சுமார் 20 லட்சம். அங்கே இருப்பது பல்கலைக்கழக அணி ஒன்றுதான். ஹஸ்கர்ஸ் என்று கூப்பிடுவார்கள், சோளக் கதிரை உரிப்பவர்கள் என்று பொருள். அவர்களுடைய மெமோரியல் ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 85,000 பேர் உட்காரலாம். ஆட்ட நாளில் அது நிரம்பும்போது மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அதுதான் என்று அங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். 1962 நவம்பரிலிருந்து அங்கே நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுதும் விற்றிருக்கிறது. எல்லாரும் சிவப்புச் சட்டையில் வருவார்கள். இப்படி ஓர் ஊரில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஒட்டாமல் வரமுடியாது.

சரி, 2021-க்கு வருகிறேன். அந்த வருடம் நெப்ராஸ்கா 12 ஆட்டம் ஆடியது. வென்றது 3, தோற்றது 9. கேட்டால் மட்டமான அணி என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒன்பது தோல்விகளைப் பாருங்கள். இல்லினாயிடம் 30-22, ஓக்லஹோமாவிடம் 23-16, மிச்சிகன் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 23-20, மிச்சிகனிடம் 32-29, மின்னசோட்டாவிடம் 30-23, பர்டியூவிடம் 28-23, ஓஹாயோ ஸ்டேட்டிடம் 26-17, விஸ்கான்சினிடம் 35-28, ஐயோவாவிடம் 28-21. எதிலும் வித்தியாசம் ஒன்பது புள்ளியைத் தாண்டவில்லை. வென்ற மூன்றும் 52-7, 28-3, 56-7. எல்லாவற்றையும் கூட்டினால் நெப்ராஸ்கா எடுத்தது 335 புள்ளி, கொடுத்தது 272. வருடம் முழுக்க எதிரிகளைவிட 63 புள்ளி அதிகம் எடுத்துவிட்டு 3-9 என்று முடித்த அணி இது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை.

இப்படித் தோற்கும் அணியின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி "அதிர்ஷ்டம் இல்லை" என்னும். இன்னொரு கட்சி "கடைசி நேரத்தில் நெஞ்சுரம் இல்லை" என்னும். நான் மாறி மாறி இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: ஆட்டம் கடைசி நிமிடத்தில் தீர்மானமானது என்ற நம்பிக்கை. அந்த விசில் மட்டும் வந்திருந்தால், அந்தப் பந்தை மட்டும் பிடித்திருந்தால். நெப்ராஸ்கா ரசிகனுக்கு இந்த "மட்டும்" ஒரு பரம்பரைச் சொத்து. அது வந்த இடம் 1984 ஜனவரி 2, மயாமி.

இந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது காலால் உதைத்து ஆடும் நம்மூர்க் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது, எறிவது, பிடிப்பது. நாலு முயற்சிக்குள் பத்து யார்டு நகர வேண்டும், நகர்ந்தால் மறுபடி நாலு முயற்சி. எதிரணியின் எல்லைக் கட்டத்துக்குள், அதாவது எண்ட் ஸோனுக்குள், பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு ஒரு சின்னச் சலுகை உண்டு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி, அது கிட்டத்தட்ட உறுதி. இல்லையென்றால் 3 யார்டு தொலைவிலிருந்து ஒரே ஒரு முயற்சியில் மறுபடி எல்லைக்குள் கொண்டுபோய் 2 புள்ளி எடுக்கலாம். இந்த இரண்டு புள்ளி வாய்ப்பு 1958-இல் கல்லூரி ஆட்டத்துக்கு வந்தது. அது பலிக்க பாதிக்குப் பாதி வாய்ப்புகூட இல்லை என்பது பொதுவான கணக்கு.

இன்னும் இரண்டு விஷயங்கள். 1984-இல் கல்லூரி ஆட்டத்தில் கூடுதல் நேரம் கிடையாது. சமமாக முடிந்தால் சமம்தான், அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியது. அது மாறியது 1990-களின் நடுவில். அப்புறம், சாம்பியனைத் தேர்ந்தெடுக்க இறுதிப் போட்டி என்று ஒன்றும் இல்லை. பருவம் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் ஒரு பக்கம், பயிற்சியாளர்கள் ஒரு பக்கம் ஓட்டுப் போட்டு முதல் இடத்தை அறிவிப்பார்கள். இந்த இரண்டும் தெரியாமல் அன்றைய கடைசி 48 நொடியைப் புரிந்துகொள்ள முடியாது.

1983 பருவத்தின் நெப்ராஸ்கா, கல்லூரி ஆட்டம் கண்ட பயங்கரமான அணிகளில் ஒன்று. 12 ஆட்டங்களில் 624 புள்ளி, சராசரி 52. மின்னசோட்டாவை 84-13 என்று அடித்தார்கள். ஓடுவதற்கு மைக் ரோசியர், அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குத்தான். பிடிப்பதற்கு இர்விங் ஃப்ரையர். எறிவதற்கும் ஏமாற்றுவதற்கும் டர்னர் கில். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன், அதிகம் பேசாத, கத்தாத மனிதர், அதுவரை சாம்பியன் பட்டம் வெல்லாதவர். பருவம் முழுக்க முதல் இடத்திலிருந்து இறங்காமல், பருவ முடிவில் மயாமியில் நடக்கும் ஆரஞ்ச் பௌல் ஆட்டத்துக்கு வந்தார்கள்.

எதிரே மயாமி, ஐந்தாவது இடம். முதல் ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் 28-3 என்று வாங்கிக்கட்டிக்கொண்டு, அப்புறம் பத்து ஆட்டம் தொடர்ந்து வென்ற அணி. குவார்ட்டர்பேக் பெர்னி கோசார், முதல் பருவம் ஆடும் பையன். பயிற்சியாளர் ஹோவர்ட் ஷ்னெலன்பெர்கர். ஆரஞ்ச் பௌல் மைதானம் அவர்களுடைய சொந்த மைதானம் என்பதை நெப்ராஸ்கா ரசிகர்கள் இன்றும் ஒரு பெருமூச்சோடு சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 52 புள்ளி சராசரி வைத்திருந்தால் எந்த மைதானமாக இருந்தால் என்ன?

அந்த ஆட்டத்தின் பதிவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும். முதல் கால் பகுதியிலேயே மயாமி 17-0. கோசார் எறிய எறிய நெப்ராஸ்காவின் பின்வரிசை திணறுகிறது. இரண்டாம் பகுதியில் ஆஸ்போர்ன் ஒரு வித்தை காட்டினார். கில் பந்தை வாங்குவதுபோல வாங்கித் தரையிலேயே விட்டுவிட்டு ஒரு பக்கமாக ஓடுகிறார். எல்லாரும் அவர் பின்னால் ஓட, டீன் ஸ்டைன்கூலர் என்ற மலைபோன்ற முன்வரிசைக்காரர் பந்தைப் பொறுக்கிக்கொண்டு மறுபக்கம் 19 யார்டு ஓடி டச்டவுன். எதிரியை இடித்துத் தள்ளுவது மட்டுமே வேலையாக இருந்த ஆள் அவர். பந்தோடு அவர் ஓடுவதைப் பார்ப்பது திருமண ஊர்வலத்தில் யானை திடீரென்று ஓடத் தொடங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. இந்த வித்தையைப் பிற்பாடு விதிப்புத்தகத்தில் தடைசெய்துவிட்டார்கள்.

மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் 17-17. அப்புறம் மயாமி இரண்டு டச்டவுன் எடுத்து 31-17. 147 யார்டு ஓடியிருந்த ரோசியர் கணுக்கால் அடிபட்டு வெளியே போனார். அவருக்குப் பதில் வந்த ஜெஃப் ஸ்மித், ஆட்டம் முடிய 6 நிமிடம் 55 நொடி இருக்கும்போது டச்டவுன் எடுத்தார். ஒரு புள்ளி உதையும் சேர்த்து 31-24. இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

மயாமி ஓர் உதையைத் தவறவிட்டது. 1 நிமிடம் 47 நொடி பாக்கி. நெப்ராஸ்கா 74 யார்டு போக வேண்டும். கில் எறிந்து எறிந்து கொண்டுபோனார். எல்லைக் கட்டத்தில் தனியாக நின்ற ஃப்ரையரின் கைக்கு வந்த பந்து நழுவி விழுந்தது. அடுத்த மாதங்களில் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். நாலாவது முயற்சி, 8 யார்டு தேவை, எல்லைக்கு 24 யார்டு. கில் வலப்பக்கம் ஓடி, அடிபடும் கணத்தில் பந்தை ஸ்மித்திடம் தள்ளிவிட, ஸ்மித் மூலையைத் தொட்டுவிட்டார். 31-30. கடிகாரத்தில் 48 நொடி.

ஒரு புள்ளி உதைத்தால் 31-31. தோல்வியே இல்லாத அணியாக நெப்ராஸ்கா நிற்கும். இரண்டாம் இடத்திலிருந்த டெக்சஸ் அன்று பகலிலேயே ஜார்ஜியாவிடம் 10-9 என்று தோற்றிருந்தது. ஓட்டுப் போடுபவர்கள் சமனில் முடித்த நெப்ராஸ்காவுக்கே பட்டம் தந்திருப்பார்கள் என்பதில் கிட்டத்தட்ட யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆஸ்போர்ன் உதைக்கவில்லை. இரண்டு புள்ளிக்குப் போனார். கில் வலப்பக்கம் ஸ்மித்துக்கு எறிந்தார். மயாமியின் கென்னி கால்ஹூன் விரல் நுனியால் தட்டினார். பந்து ஸ்மித்தின் உடம்பில் பட்டுக் கீழே விழுந்தது. மறுநாள் ஓட்டில் மயாமி ஐந்திலிருந்து ஒன்றுக்குப் போனது, நெப்ராஸ்காவுக்கு இரண்டு. மூன்றாம் இடத்தில் நின்ற ஆபர்ன்காரர்கள் அன்றிரவு மிச்சிகனை 9-7 என்று வென்றும் மூன்றிலேயே நின்றார்கள். அவர்கள் புலம்பல் தனி.

நாற்பது வருடமாக இந்த முடிவைப் பற்றி இரண்டே விதமாகத்தான் பேசுகிறார்கள். வீரம் என்கிறது ஒரு தரப்பு: சமனுக்காக ஆடுபவன் சாம்பியன் இல்லை. முட்டாள்தனம் என்கிறது இன்னொரு தரப்பு: ஓர் உதை, ஒரு பட்டம், அவ்வளவுதானே. நான் பல வருடம் முதல் தரப்பில் இருந்தேன். லிங்கனில் எனக்குத் தெரிந்த பெரியவர்கள் எல்லாருமே அந்தத் தரப்புதான். அந்தத் தோல்வியை அவர்கள் சொல்லும் தோரணையே வேறு. தோற்றதைச் சொல்லும்போது முதுகு நிமிரும்.

ஆனால் பதிவை உட்கார்ந்து பார்த்தால் கண்ணில் படுவது வேறு. அந்த இரவு முழுக்க நெப்ராஸ்கா ஒரு நொடிகூட முன்னிலையில் இருந்ததில்லை. 0-17, 14-17, 17-17, 17-31, 24-31, 30-31. கடைசிவரை துரத்திக்கொண்டே இருந்தவர்கள். வித்தியாசம் ஒரு புள்ளி என்பது கணக்கில் உண்மை, ஆட்டம் அப்படி இல்லை.

இப்போது அந்த 6 நிமிடம் 55 நொடிக்கு வருகிறேன். அப்போது நெப்ராஸ்கா 14 புள்ளி பின்தங்கி, ஒரு டச்டவுன் எடுத்து, 31-23 என்று நிற்கிறது. ஆஸ்போர்ன் ஒரு புள்ளி உதைத்தார். யாரும் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை, அவ்வளவு இயல்பான காரியம். ஆனால் வெற்றிதான் வேண்டும், சமன் வேண்டாம் என்று நினைப்பவர் இரண்டு புள்ளிக்குப் போக வேண்டிய இடம் அதுதான்.

கணக்கு சுலபம். எப்படியும் இன்னொரு டச்டவுன் தேவை. அது கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் உதை, கடைசியில் இரண்டு புள்ளி என்று போனால், அந்த ஒரே முயற்சி பலித்தால் வெற்றி, பலிக்காவிட்டால் தோல்வி. நடுவில் எதுவும் இல்லை. மாற்றிப் போட்டுப் பாருங்கள். முதல் டச்டவுனிலேயே இரண்டு புள்ளிக்குப் போய் பலித்தால் 31-25. அடுத்த டச்டவுனும் ஒரு சாதாரண உதையும் போதும், 32-31 வெற்றி. பலிக்காவிட்டால் 31-23. அப்போதும் கதை முடியவில்லை. அடுத்த டச்டவுனுக்குப் பிறகு இரண்டு புள்ளி எடுத்தால் 31-31. இரண்டு வழியிலும் வெற்றிக்கான வாய்ப்பு ஒன்றே. ஆனால் இரண்டாவது வழியில் தோல்விக்கு முன்னால் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. இரண்டு புள்ளி பலிக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 45 என்று வைத்தால், ஆஸ்போர்ன் போன வழியில் தோல்வி நூற்றுக்கு 55. மற்ற வழியில் தோல்வி ஏறக்குறைய 30 மட்டுமே. மிச்சம் 25 சமன். அந்த இரவில் சமன் என்றால் பட்டம்.

1984-இல் கிட்டத்தட்ட யாரும் இப்படி ஆடியதில்லை என்பதால் ஆஸ்போர்னைக் குறை சொல்வது நியாயமில்லை. இப்போது 14 புள்ளி பின்தங்கிய அணிகள் முதல் டச்டவுனிலேயே இரண்டுக்குப் போவதை அடிக்கடி பார்க்கிறோம். வர்ணனையாளர்கள் இன்னும் பல்லைக் கடிக்கிறார்கள், அது வேறு விஷயம். நான் சொல்ல வருவது இதுதான். நாற்பது வருடம் எல்லாரும் சண்டை போட்டது கால்ஹூன் தட்டிய பந்தைப் பற்றி. வாய்ப்பு சுருங்கியது அதற்கு ஆறு நிமிடம் முன்னால், யாருக்கும் ஞாபகம் இல்லாத ஓர் உதையில்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2021-ஐ மறுபடி பார்த்தேன். நான் முதலில் செய்தது அதிர்ஷ்டக் கட்சியைச் சோதித்தது. இந்த ஆட்டத்தில் 8 புள்ளிக்குள் முடிவதை ஒரே டச்டவுன் வித்தியாசம் என்பார்கள், 6-உம் 2-உம் சேர்ந்தால் எட்டு என்பதால். இத்தகைய ஆட்டங்களில் நல்ல அணிக்கும் சுமாரான அணிக்கும் வெற்றி தோல்வி நாளடைவில் பாதிப் பாதிக்குப் பக்கமாக வந்துவிடும் என்பது புள்ளிவிவரக்காரர்கள் அடிக்கடி சொல்வது. 2018 முதல் 2022 தொடக்கம் வரை ஸ்காட் ஃப்ராஸ்ட் பயிற்சியாளராக இருந்த காலத்தில் நெப்ராஸ்கா இப்படி 27 ஆட்டம் ஆடியது. வென்றது 5, தோற்றது 22.

ஒரு நாணயத்தை 27 முறை சுண்டினால் தலை ஐந்து முறையோ அதற்கும் குறைவாகவோ விழுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 1,300-ல் ஒன்று. நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள், எத்தனையோ பயிற்சியாளர்கள், எங்காவது யாருக்காவது இப்படி விழத்தான் செய்யும் என்று வாதாடலாம். நானும் ஒரு வருடம் அப்படித்தான் வாதாடினேன். மற்ற ஆட்டங்களில், அதாவது வித்தியாசம் பெரிதாக இருந்தவற்றில், அதே ஃப்ராஸ்ட்டின் கணக்கு 11 வெற்றி, 9 தோல்வி. ஆக அணி மட்டமில்லை. நாணயத்தில் ஏதோ கோணல் இருக்கிறது.

கோணல் எங்கே என்று தெரிந்துகொள்ள ஆட்டங்களை முதல் நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. ஓர் அணியில் தாக்குபவர்கள் ஒரு குழு, தடுப்பவர்கள் ஒரு குழு. மூன்றாவதாக உதைகளுக்கென்று ஒரு குழு, ஸ்பெஷல் டீம்ஸ். ஆட்டம் தொடங்கும் உதை, எதிரிக்குப் பந்தை விட்டுக்கொடுக்கும் பன்ட், மூன்று புள்ளி உதை, ஒரு புள்ளி உதை எல்லாம் இவர்கள் பொறுப்பு. தொலைக்காட்சியில் பார்ப்பவன் தண்ணீர் குடிக்க எழுந்து போகும் நேரம்.

இல்லினாய் ஆட்டத்தில், தன் எல்லைக் கோட்டருகே வந்த பன்ட்டைத் தொடாமல் விடுவதை விட்டுப் பிடித்து, தன் எல்லைக் கட்டத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டு எதிரிக்கு 2 புள்ளி கொடுத்தார்கள். அதே ஆட்டத்தில் ஒரு புள்ளி உதை இரண்டைத் தவறவிட்டார்கள். ஓக்லஹோமாவில் ஒரு புள்ளி உதையை எதிரி தடுத்தது மட்டுமில்லை, பந்தைத் தூக்கிக்கொண்டு மறுமுனைவரை ஓடி 2 புள்ளி எடுத்தது. ஒன்று கிடைக்க வேண்டிய இடத்தில் இரண்டு பறிபோனது. ஏழு புள்ளி வித்தியாசத் தோல்வியில் மூன்று புள்ளி அங்கேயே போய்விட்டது. மிச்சிகன் ஸ்டேட்டில் நாலு நிமிடத்துக்கும் குறைவான நேரம் பாக்கி, 20-13 முன்னிலை, இரண்டாம் பாதி முழுக்க எதிரியின் தாக்குதல் நகரவே முடியாமல் தவித்தது. பன்ட் அடிக்க வேண்டியது ஒரு பக்கம், பந்து போனது மறுபக்கம். நெப்ராஸ்கா வீரர்கள் எல்லாரும் தவறான பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க, பந்தைப் பிடித்தவர் 62 யார்டு ஓடி டச்டவுன். விஸ்கான்சினில் ஆட்டத்தின் முதல் உதையே 91 யார்டு திரும்பி ஓடப்பட்டு டச்டவுன் ஆனது. ஏழு புள்ளியில் தோற்ற ஆட்டம் அது. நான் காபி எடுத்து வருவதற்குள் 7-0. ஐயோவாவிடம் 21-6 என்று முன்னிலையில் இருந்து, நாலாம் பகுதியில் பன்ட் ஒன்று தடுக்கப்பட்டு டச்டவுன் ஆகி, அங்கிருந்து சரிந்தார்கள்.

ஒன்பதில் ஐந்து இப்படி. அந்த ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் மார்ட்டினெஸ் பந்தைத் தொலைத்ததும் தவறாக எறிந்ததும் உண்மைதான். எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள், நானும் அதைத்தான் திட்டினேன். அந்தப் பையன் கடைசி நிமிடத்தில் அத்தனை பாரத்தோடு நின்றதற்குக் காரணம், யாரும் பார்க்காத நேரத்தில் போன இரண்டும் மூன்றும் ஏழும். கடைசி நிமிடம் வரும்போது அந்த ஆட்டங்கள் சமமாக நின்றிருக்கவே கூடாது.

அந்த வருடம் ஸ்பெஷல் டீம்ஸைக் கவனித்த பயிற்சியாளருக்கு வேறொரு வரிசையின் பொறுப்பும் இருந்தது. அடுத்த வருடம் இதற்கென்றே ஓர் ஆளை நியமித்தார்கள். நிர்வாகத்துக்கும் நோய் தெரிந்திருந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 2022 ஆகஸ்டில், பருவத்தின் முதல் ஆட்டத்தில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் என்ன நடந்தது? நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 என்று நெப்ராஸ்கா முன்னிலை. எதிரணியைச் சுருட்டிப் போட வேண்டிய நேரம். ஃப்ராஸ்ட் திடீரென்று குட்டையான உதை அடிக்கச் சொன்னார், ஆன்சைட் கிக். பந்தை நீளமாக அடிக்காமல் பக்கத்திலேயே விழவைத்துத் தாங்களே பொறுக்கிக்கொள்ளும் தந்திரம். பின்தங்கியவன் கடைசியில் செய்யும் காரியம் அது. நார்த்வெஸ்டர்ன் பந்தை எடுத்தது, டச்டவுன் அடித்தது, கடைசியில் 31-28 என்று வென்றது. வாய்விட்டுச் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

இரண்டு வாரம் கழித்துச் சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்ன் என்ற சின்ன அணியிடம் 45-42. மறுநாளே ஃப்ராஸ்ட்டை நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தர வேண்டிய தொகை 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரம் பொறுக்க முடியாமல் 75 லட்சம் டாலரைத் தூக்கிக் கொடுத்தது ஒரு பல்கலைக்கழகம் என்றால், மூன்று புள்ளித் தோல்விகள் மனிதர்களை எந்த நிலைக்குக் கொண்டுபோகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் இன்னும் வலிப்பது, ஃப்ராஸ்ட் வெளி ஆள் இல்லை. நெப்ராஸ்கா கடைசியாகப் பட்டம் பெற்ற 1997 அணியின் குவார்ட்டர்பேக்கே அவர்தான். ஆஸ்போர்னின் கடைசி அணி அது.

ஆஸ்போர்னும் நூலிழையில் நிறையத் தோற்றவர்தான். 1982-இல் பென் ஸ்டேட்டிடம் 27-24. கடைசி நேரத்தில் கோட்டுக்கு வெளியே பிடித்த பந்தை நடுவர் உள்ளே என்றார். அந்தப் பருவத்தின் ஒரே தோல்வி அது. அப்புறம் 1984. பிறகு 1994 ஜனவரி 1, மறுபடி ஆரஞ்ச் பௌல், ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 18-16. கடைசி நொடியில் நெப்ராஸ்கா அடித்த 45 யார்டு உதை இடப்பக்கம் விலகிப் போனது. அந்த ஆட்டத்தில் 1 நிமிடம் 16 நொடி இருக்கும்போது 16-15 என்று முன்னிலை எடுத்திருந்தார்கள். அடுத்த பருவத்துக்கான பயிற்சிகளின்போது மைதானத்தின் கடிகாரத்தில் 1:16 என்று எரியவிட்டிருந்தார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த எண்தான். உதை விலகிய கடைசி நொடியை அவர்கள் எரியவிடவில்லை. முன்னிலை எடுத்துவிட்டு அதைக் காப்பாற்றத் தெரியாமல் போன நேரத்தை எரியவிட்டார்கள்.

1995 ஜனவரி 1-இல் அதே மைதானத்தில் மறுபடி மயாமி. நாலாம் பகுதியில் 17-9 என்று நெப்ராஸ்கா பின்தங்கியிருந்தது. கோரி ஷ்லெசிங்கர் நடுவே புகுந்து 15 யார்டு ஓடினார், 17-15. ஏழரை நிமிடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. டாமி ஃப்ரேசியர் இரண்டு புள்ளிக்காக எறிந்த பந்தை எரிக் ஆல்ஃபர்ட் பிடித்தார். 17-17. மூன்று நிமிடத்துக்குள் நேரம் இறங்கியபோது ஷ்லெசிங்கர் இன்னொரு முறை புகுந்தார். 24-17. ஆஸ்போர்னின் முதல் பட்டம். 1984 பற்றிப் பேசும் ஆள் ஒருவர்கூட ஆல்ஃபர்ட் பிடித்த அந்தப் பந்தைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. பிடித்த பந்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

2024 செப்டம்பர் 20-ஆம் தேதி இரவு மெமோரியல் ஸ்டேடியத்தில் டிக்கெட் முழுதும் விற்ற 400-ஆவது தொடர் ஆட்டம். எதிரே இல்லினாய். நமக்குச் சனிக்கிழமை விடியல், அலாரம் வைத்து எழுந்தேன். இந்தமுறை தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் ஒவ்வோர் உதையையும் பார்த்தேன். கூடுதல் நேரத்தில் 31-24 என்று தோற்றார்கள். அடுத்த வாரம் பர்டியூவில் ஆட்டம், இங்கே இரவு ஒன்பதரைக்கே தொடங்கியது. இடைவேளை வரை இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட இல்லை. அலுத்துப்போய்ப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் 28-10 என்று வென்றிருக்கிறார்கள்.